சித்தி வீட்டுக் கறி வாசம்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், அப்பளம். அண்ணன் மகன் (கட்டாய தேசிய சேவையான என்எஸ் முடித்துவிட்டு யுனிவர்சிட்டிக்குப் போகிறவன், நல்ல பிள்ளை) குழம்பை ஊற்றிக்கொண்டே, "அத்தை, 1984 கறிக் கொலை தெரியுமா? போட்காஸ்ட்ல கேட்டேன், செம கேஸ்" என்று ஆரம்பித்தான். ஓர் ஆளைக் கொன்று கறியாகச் சமைத்துவிட்டார்கள் என்று சொல்லப்பட்ட சிங்கப்பூர் வழக்கு அது. எத்தனை அண்டா தேவைப்பட்டிருக்கும், எலும்பை என்ன செய்திருப்பார்கள், வீட்டில் யார் முதலில் யோசனை சொல்லியிருப்பார்கள் என்று ஒரு முழு ஆராய்ச்சியே வைத்திருந்தான். சித்தி கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை, அவன் அப்போது பிறக்கவே இல்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், கோப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

எனக்கும் இந்த ஊகம் செய்கிற பைத்தியம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1986 மே 14. ஓவன் தொடக்கப்பள்ளியில் படித்த இரண்டு சீனப் பையன்கள் காணாமல் போனார்கள். இரண்டு பேருக்கும் 12 வயது. எனக்கும் அந்த வருடம் 12. மெக்டோனல்ட்ஸ் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சன்மானம் அறிவித்தது, அதிலிருந்து அவர்களுக்கு 'மெக்டோனல்ட்ஸ் பையன்கள்' என்றே பெயராகிவிட்டது. நாங்கள் ராங்கூன் ரோட்டுப் பக்கம் குடியிருந்தோம். அந்தப் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரம். அம்மா பல மாதம் என் மணிக்கட்டை விடவில்லை. பாலம் கட்டப் பலி கொடுக்கத் தலை வாங்குகிறார்கள் என்றார் பாட்டி. வெளிநாட்டுக்குக் கடத்திக் கை காலை ஒடித்துப் பிச்சைக்கு உட்கார வைத்திருப்பார்கள் என்றார் எதிர்வீட்டு அங்கிள். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தெருக்களை வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கிடைக்கவே இல்லை. இருந்தால் என் வயசு. ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயிலில் என் வயதுச் சீன ஆண் யாராவது எதிரே உட்கார்ந்தால் இன்றைக்கும் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பேன்.

ஆக, ஊகம் செய்கிறவர்களை எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளை காற்றில் கரைந்துபோனது என்று மனசு ஒப்புக்கொள்ளாது, ஏதாவது கதை சொல்லிக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஆனால் கதைக்கு ஓர் ஆள் வேண்டும். பிள்ளைபிடிக்கிறவன் என்றால் அவனுக்கு முகம் இல்லை, சீக்கிரம் சலித்துவிடும். அப்புறம் முகமுள்ள ஆளைத் தேட ஆரம்பிப்போம். கைக்கெட்டும் தூரத்தில் யார் இருப்பார்கள்? அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்காரர்கள்தான்.

கேலாங் பாரு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 ஜனவரி 6. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். 5 வயதிலிருந்து 10 வயதுவரை நான்கு பிள்ளைகள் வீட்டில். நான்கு பேரும் குளியலறையில் வெட்டுப்பட்டு இறந்து கிடந்தார்கள். கதவு உடைக்கப்படவில்லை. அப்படியானால் தெரிந்தவர் யாரோ என்று போலீஸ் நினைத்தது. நியாயமான ஊகம். 100 பேருக்கு மேல் விசாரித்தும் யார் மீதும் குற்றம் நிற்கவில்லை. ஆனால் 'தெரிந்தவர்' என்ற ஒரு வார்த்தையை நாம் விடவில்லை. அந்தக் குடும்பத்தோடு ஒரு தடவை டீ குடித்தவர்கூட இன்றுவரை யாரோ ஒருவருடைய பட்டியலில் இருக்கிறார். போலீசுக்குக் கைவிடத் தெரிந்த சந்தேகம் நமக்குக் கைவிடத் தெரியவில்லை.

"நாங்க பேசறதாலதானே அத்தை கேஸ் உயிரோட இருக்கு?" என்றான் அண்ணன் மகன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். 2007-இல் காணாமல் போன 19 வயதுக் கலை மாணவியின் வழக்கில், 13 வருடம் கழித்து, 2020 டிசம்பரில் கைது நடந்தது. எப்படி? போலீஸ் பழைய கோப்பை மறுபடி பிரித்து உட்கார்ந்ததால். கொலைக் குற்றச்சாட்டு கடைசியில் நிற்கவில்லை. உடலை மறைத்தது, பொய் சொன்னது போன்ற குற்றங்களுக்காக அந்த ஆளுக்கு 2022-இல் 26 மாதச் சிறை. கதை கேட்கிற ருசிக்கு இந்த முடிவு போதாது. நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தது அவ்வளவுதான்.

இனி கறிக் கொலை. நம் ஆட்கள் இதை எப்படிப் பேசுகிறோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் செத்தவரும் தமிழர், குற்றம் சாட்டப்பட்டவர்களும் தமிழர். சாங்கி உல்லாச விடுதிகளில் பராமரிப்பாளராக இருந்தவர் 1984 டிசம்பரில் காணாமல் போனார். 1987-இல் துப்புக் கிடைத்து உறவினர்கள் 6 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். அடித்துக் கொன்று, துண்டாக்கி, கறியாகச் சமைத்துக் குப்பைத் தொட்டிகளில் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஜூன் மாதமே போதிய ஆதாரம் இல்லாமல் 6 பேரும் வெளியே வந்தார்கள். விடுதலை என்றும் சொல்ல முடியாது, வழக்கை மறுபடி எடுக்கலாம் என்கிற வகை. அவர்களில் 3 பேரை விசாரணை இல்லாமல் தடுத்துவைத்து, 1991-இல் விட்டார்கள். ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

உடல் இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்று அந்தப் போட்காஸ்ட்காரர் சொன்னாராம். தப்பு. 1963-இல் சிஸ்டர்ஸ் தீவுக் கடலில் காதலியை முக்குளிக்கக் கூட்டிப்போன சன்னி ஆங் வழக்கில் உடல் கிடைக்கவே இல்லை. சூழ்நிலை ஆதாரங்களை வைத்தே 1965-இல் 7 பேர் கொண்ட ஜூரி குற்றவாளி என்றது, 1967-இல் தூக்கு. 1969-இல் இங்கே ஜூரி முறையையே எடுத்துவிட்டார்கள். எடுத்த ஜூரி அத்தனை பேரும் இப்போது நம் கைப்பேசிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கறிக் கொலையில் நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. நமக்கு மிஞ்சியது ஒரு ஜோக். கல்யாண வீட்டுப் பந்தியில், தேக்கா சாப்பாட்டுக் கடையில், "யாரோட கறி?" என்று கண்ணடிப்பது. நானும் சிரித்திருக்கிறேன், 1988 வரைக்கும்.

அந்த வருடம் சித்தப்பா காணாமல் போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பரைப் பார்க்க எல்லை தாண்டி மலேசியாவில் இருக்கிற ஜொகூர் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. நண்பர் வீட்டுக்கும் போகவில்லை. சித்திக்கு அப்போது 35 வயதுகூட இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். போலீசில் புகார் கொடுத்துவிட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டார். பிள்ளை பசிக்கிறது என்றால் வேறு என்ன செய்வார்?

திங்கட்கிழமைக்குள் சித்தியின் அடுக்குமாடிப் புளோக் கீழ்த்தளத்தில் தீர்ப்பு தயார். போன மாதம் புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்டது. ஜொகூர் போனார் என்று சொல்வது யார்? அந்தம்மா மட்டும்தான். அழுத மாதிரியே தெரியவில்லையே? இதையெல்லாம் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, தீபாவளிக்கு எங்களோடு பலகாரம் மாற்றிக்கொள்கிறவர்கள்தான். செவ்வாய்க்கிழமை நானும் சித்தியும் லிஃப்டில் ஏறியபோது, உள்ளே இருந்த ஒருத்தர் மூக்கை உறிஞ்சி, பக்கத்தில் நின்றவரிடம், "மூணாவது மாடியில மசாலா வாசம் தூக்குது" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு 14 வயது. புரிந்தது. சித்தியைப் பார்த்தேன், அவர் லிஃப்ட் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது நாள் ஜொகூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து தகவல் வந்தது. மோட்டார் சைக்கிள் மோதி நினைவிழந்து கிடந்திருக்கிறார். பாஸ்போர்ட் இருந்த கைப்பை எங்கேயோ போய்விட்டது. கண் விழித்துப் பேர் சொன்ன பிறகுதான் யார் என்றே தெரிந்திருக்கிறது.

வீடு திரும்பிய அன்று அதே ஆட்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நலம் விசாரித்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? நேராக யாரும் எதுவும் சொல்லவில்லையே. சித்தி மட்டும் அந்தப் புளோக்கில் இருந்த கடைசி நாள்வரை லிஃப்டில் ஏறவில்லை. மூன்று மாடிதானே என்பார், இரண்டு கையிலும் சந்தைப் பையோடு.

ஐந்து நாளில் இவ்வளவு. சித்தப்பா வராமலே போயிருந்தால்? அந்த ஜொகூர் தாதி அவர் பேரைச் சரியாகக் கேட்காமல் விட்டிருந்தால்? சித்தியைப் பற்றி இப்போது ஒரு போட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். பின்னணியில் அந்த ஒற்றைப் பியானோ இசையோடு.

இதையெல்லாம் அன்றைக்கு மேசையில் சொல்ல முடியவில்லை. பையனைப் பால்கனிக்குக் கூட்டிப்போய்ச் சுருக்கமாகச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. உள்ளே போய்ச் சித்தி அறைக் கதவைத் தட்டினான், என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பா மேசையிலேயே இருந்தார். 85 தாண்டிவிட்டது, அன்றைக்குக் காதுக் கருவியும் போடவில்லை. தட்டை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கறி இன்னும் இருக்கா?" என்றார்.