இ-சிம் வந்தாலும் கோபுரம் தூரத்தில்தான்

சிம் அட்டையின் காலம் முடிகிறது, இனி கைபேசிக்குள்ளேயே பதிக்கப்பட்டு வரும் இ-சிம்தான் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் படித்தேன். 1991 இல் வங்கி அட்டை அளவில் அறிமுகமாகி, இன்று 12.3 மில்லிமீற்றர் நீளமும் 8.8 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட துண்டாகச் சுருங்கிவிட்ட அந்த அட்டையின் குறைகளை அவர் சரியாகவே சுட்டியுள்ளார். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே வாழும் எங்களுக்கு அவை வேறு விதமாகப் படுகின்றன.

எங்கள் வீட்டில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிணற்றடியில் மட்டும் கிடைக்கும்; மற்றையது படலையடியில் ஒரு கோடு காட்டும். அதனால் இரண்டு சிம், இரண்டு ரீலோட். கடந்த மாரியில் அம்மாவின் கைபேசி வயலில் நனைந்து சிம் பழுதானபோது, அதே எண்ணைத் திரும்பப் பெற அடையாள அட்டையுடன் முல்லைத்தீவு வரை பஸ்ஸில் போய் ஒரு நாளை இழந்தோம். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபி அந்த எண்ணுக்கே வருவதால், அதுவரை பணம் அனுப்பவும் வழியிருக்கவில்லை.

இவற்றைவிட என்னை வருத்துவது டேட்டா பொதியே. 30 நாள் முடிந்ததும் மீதி அழிந்துவிடுகிறது. பகலுக்கும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கும் எனப் பிரித்து விற்கப்படும் பொதியில் ஒரு பகுதி, உயர்தரம் படிக்கும் என் தங்கை உறங்கும் நேரத்துக்குரியது.

இ-சிம் நனையாது, தொலையாது என்பது உண்மை. ஆனால் அதை நிறுவ முதலில் இணையம் வேண்டும், அதற்கேற்ற கைபேசியும் வேண்டும். மின்சாரம் நின்று சிக்னல் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிட்டால் எந்தச் சிம்மும் வேலை செய்யாது. நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கக் கிராமங்களின் சிக்னல் நிலையையும் கட்டுரையாளர் நேரில் பார்த்து எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.