முத்திரை விழுந்ததா?

2025 நவம்பர் 4, கலிபோர்னியாவில் நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளை மாற்றலாமா என்று மக்களைக் கேட்ட 50-ஆவது முன்மொழிவுக்கான சிறப்புத் தேர்தல். வாக்குச்சீட்டு உறையை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். வாசலிலேயே பெட்டி இருக்கிறது, தபால்தலையும் ஒட்ட வேண்டாம், போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வரிசையில் இருபது நிமிடம் நின்று, கவுண்டரில் இருந்த அம்மாவிடம் "இதுக்குக் கையாலேயே முத்திரை குத்திக் கொடுங்க" என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி உறையின் மேல் ஓங்கி ஒரு குத்து. வட்டத்துக்குள் எங்கள் ஊர்ப் பெயர், நடுவில் அன்றைய தேதி. காசு கிடையாது. பின்னால் நின்றவர் விட்ட பெருமூச்சு மட்டும் நன்றாகவே கேட்டது.

எதற்கு இந்தப் பிடிவாதம்? கடிதங்களைப் பிரிக்கும் பெரிய மையம் எங்கள் ஊரிலிருந்து 50 மைலுக்கு அப்பால் இருக்கிறது. செலவைக் குறைக்க, இப்படித் தூரத்தில் இருக்கும் பல ஊர்களில் மாலை வண்டியை நிறுத்திவிட்டார்கள். இன்று சேரும் கடிதம் நாளைதான் கிளம்பும். முத்திரை விழுவதோ அந்த மையத்து இயந்திரத்தில். ஆக, செவ்வாய்க்கிழமை போட்ட உறையில் புதன் தேதி விழலாம். தேர்தல் நாளுக்குப் பிந்தைய தேதி விழுந்தால் வாக்கு செல்லாது. தேர்தலுக்கு முன் மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டாவே இதைச் சொல்லி எச்சரித்தார். முத்திரையில் இருப்பது கடிதம் தங்கள் கைக்கு வந்த தேதியாக இருக்க வேண்டியதில்லை என்று 2025 டிசம்பர் 24 முதல் அஞ்சல் துறை தன் விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தேதி முத்திரை பிறந்ததே தபால்காரர்களைக் கண்காணிக்கத்தான். 1661-இல் இங்கிலாந்தில் ஹென்றி பிஷப் என்ற அஞ்சல் தலைவர், கடிதங்களை யாரும் வழியில் போட்டு வைக்கக் கூடாது என்று அதைக் கொண்டுவந்தார். தாமதம் யாரால் என்று காட்ட வந்த மை, இப்போது தாமதத்துக்கான தண்டனையைக் கடிதம் போட்டவன் தலையில் கட்டுகிறது.

தப்பான தேதியாவது பரவாயில்லை, முத்திரையே விழாத கதையும் உண்டு. 2020 ஜூன் 23, நியூயார்க்கில் உட்கட்சித் தேர்தல். கொரோனா காலம் என்பதால் தபால் கட்டணம் செலுத்திய உறைகளையே வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மாதிரி உறையில் ரத்து செய்யத் தபால்தலை இல்லையே, இயந்திரம் பல உறைகளை முத்திரை குத்தாமலேயே தள்ளிவிட்டது. சட்டமோ முத்திரை வேண்டும் என்றது. கரோலின் மலோனியும் சூரஜ் படேலும் மோதிய 12-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் இது பெரிய சண்டையானது. நீதிபதி அனலிசா டோரஸ், ஜூன் 24-க்குள் வந்தவற்றை முத்திரை பார்க்காமல் எண்ணச் சொன்னார். அடுத்த நாளே கைக்கு வந்த உறையை முந்தின நாளாவது தபாலில் போட்டிருக்கத்தானே வேண்டும்? இதைச் சொல்ல ஒரு வழக்கு தேவைப்பட்டது.

"அப்படியானால் தேர்தல் நாளுக்குள் வந்து சேர்ந்தால்தான் செல்லும் என்று வைத்துவிடுங்கள், தகராறே இல்லை" என்பவர்கள் உண்டு. தேர்தல் நாளுக்குப் பின் உறை வந்து சேர மிசிசிப்பி மாநிலம் தந்த ஐந்து வேலைநாள் அவகாசத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது இதனால்தான். இந்தியாவிலும் முத்திரையை யாரும் பார்ப்பதில்லை, எண்ணிக்கை தொடங்கும் முன் வந்தால் போதும். ஆனால் அங்கே எண்ணும் நாள் வாக்குப்பதிவுக்குச் சில நாள், சில சமயம் சில வாரம் கழித்து. இங்கே அன்றிரவே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அவகாசத்தையும் எடுத்துவிட்டால் வண்டி வராத ஊர்க்காரன் என்ன செய்வான்?

எனக்குச் சரியாகப் படுவது கலிபோர்னியாவின் விதி. தேர்தல் முடிந்து ஏழு நாளுக்குள் வந்த உறையில் முத்திரை இல்லை, அல்லது படிக்க முடியவில்லை என்றால், வாக்காளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிய தேதியை ஏற்கிறார்கள். பொய்த் தேதி போடுவார்களே என்று கேட்பீர்கள். போடலாம்தான். ஆனால் அந்தக் கையெழுத்தே பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியின் கீழ் போடுவது. ஒரு வாக்குக்காக அந்த வம்பை எத்தனை பேர் விலைக்கு வாங்குவார்கள்? ஒரே ஓட்டை, முத்திரையில் புதன் தேதி தெளிவாக விழுந்துவிட்டால் இந்த விதியும் கை கொடுக்காது. அதனால்தான் அந்த இருபது நிமிட வரிசை.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. குடியுரிமை வாங்கியபின் முதல் வாக்கு. முந்தின நாளே உறையைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டுவிட்டு, தெருமுனை நீலப் பெட்டியில் சேர்த்துவிட்டார். அவர் வாக்கும் எண்ணப்பட்டதாக அந்த வாரமே குறுஞ்செய்தி வந்தது. அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் நாளை முதலில் எழுதி 3/11/2025 என்று போட்டிருக்கிறார். இந்த ஊர்க் கணக்கில் அது மார்ச் 11. அன்று இப்படி ஒரு தேர்தல் வரப்போவதே யாருக்கும் தெரியாது.