நெஸ் ஏரிப் புகைப்படம் பற்றி ஒரு திருத்தம்

'தி வாட்டர் ஹார்ஸ்' (2007) படத்தில் காட்டப்படும் பழைய புகைப்படம், ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் மர்ம விலங்கை நிஜமாகவே எடுத்தது, ஆகவே படத்தில் அந்த விலங்கை வளர்க்கும் சிறுவனின் கதையும் நடந்ததுதான் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லைங்க. கதை, டிக் கிங்-ஸ்மித் எழுதிய சிறுவர் நாவலில் இருந்து வந்தது. 1934-இல் 'டெய்லி மெயில்' என்ற பிரிட்டிஷ் நாளிதழ் வெளியிட்ட அந்தப் புகைப்படமோ, பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின் மேல் கழுத்தும் தலையும் ஒட்டி எடுத்தது. செய்தவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஸ்பர்லிங் ஒப்புக்கொண்டது 1994-இல் வெளியானது.

நீங்களே பார்க்கலாம்: வெட்டப்படாத முழுப் புகைப்படத்தைத் தேடி எடுங்கள். சுற்றியுள்ள சிற்றலைகளோடு ஒப்பிட்டால் 'விலங்கு' எவ்வளவு சிறியது என்று தெரியும். வேடிக்கை என்னவென்றால், படத்தின் தொடக்கத்திலேயே கதை சொல்லும் பெரியவர் அந்தப் புகைப்படம் போலி என்கிறார்!