ஊர் பார்த்த விளம்பரமும் ஒருவர் மட்டும் பார்க்கும் விளம்பரமும்

விளம்பரம் காகிதத்திலிருந்து கைபேசிக்குப் போய்விட்டது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் செலவையும் வேகத்தையும் பற்றித்தான் பேசுகிறோம். ஈரோட்டில் அச்சுத் தொழிலில் இருக்கும் எனக்கு வேறொரு மாற்றம் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. முன்பு ஒரு விளம்பரத்தை ஊரே பார்த்தது. இன்று என் கைபேசியில் வரும் விளம்பரம் என் வீட்டிலேயே இன்னொருவர் கண்ணில் படுவதில்லை. பொய் சொல்ல நினைப்பவருக்கு இவ்வளவு வசதியான ஏற்பாடு இதற்கு முன் அமைந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் ஆனாலும், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை ஆனாலும், அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சகக்காரர் தன் தொழிலுக்காகப் போட்டுக்கொள்ளும் வரி என்றே பலர் எண்ணுகிறார்கள். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் புத்தகங்கள் பதிவுச் சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய சட்டம் வந்துவிட்டது. என்றாலும் தேர்தல் துண்டறிக்கைகளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இன்றும் சொல்கிறது. 1867இல் வெள்ளைக்காரர் எந்த எண்ணத்தில் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தாலும், நமக்கு அதனால் ஒரு நன்மை விளைந்தது. நோட்டீசில் இருப்பது பொய்யென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. கேட்பார்கள் என்ற அச்சம் அச்சகக்காரருக்கும் இருந்ததால், சந்தேகமான வேலைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மூத்தவர்களை நான் அறிவேன்.

சுவர் விளம்பரமும் அப்படித்தான். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் தோட்டத்து மோட்டார் ரூம்களின் சுவரெங்கும் பம்புசெட், சிமென்ட், உரம் ஆகியவற்றின் பெயர்கள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. ஓவியர் முதலில் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார். அது காய்ந்தபின் நீலப்பொடியில் தோய்த்த நூலை இருவர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்க்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவே, அளவுகோல் எதுவும் வைக்காமல், எழுத்துகளைப் பட்டைத் தூரிகையால் நிரப்பிக்கொண்டே போவார். தோட்டக்காரருக்கு வாடகை என்று பெரிதாக எதுவும் கிடைக்காது; சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயிற்று என்று அவர் நிறைவடைவார். ஆனால் அந்த மோட்டார் அடுத்த கோடையில் கம்பிச்சுருள் கருகி நின்றுபோனால், அந்தச் சுவரைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொல்லிவிடுவார். விளம்பரமும் அதற்கான மறுப்பும் ஒரே இடத்தில், ஒரே ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன.

கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கு முதல், நூற்றுக்கணக்கானோர் ஒரே திரையைப் பார்க்கும் பழக்கம் இந்தப் பக்கம் வேரூன்றியது. உள்ளூர்க் கடைகளின் சிலைடுகளும் பிற்பாடு அந்தத் திரையில்தான் ஓடின. 1967இல் விவித் பாரதி வானொலியிலும் 1976இல் தூர்தர்ஷனிலும் விளம்பரங்கள் தொடங்கின. ஊடகம் மாறினாலும் எல்லோரும் ஒன்றையே கேட்டோம், ஒன்றையே பார்த்தோம்.

பொதுவில் வந்த விளம்பரம் ஏமாற்றவில்லையா என்று கேட்டால், ஏமாற்றியது. பெருந்துறையைச் சுற்றி நடந்த ஈமு கோழி விவகாரத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. முதலீடு செய்தால் குஞ்சும் தீவனமும் மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் தருவோம் என்று நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் நடிகர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். நகையை விற்றும் கடன் வாங்கியும் பணம் கட்டிய குடும்பங்கள் 2012இல் தெருவுக்கு வந்தன. ஆனாலும், அந்த விளம்பரங்கள் அச்சில் இருந்தன. என்ன வாக்குறுதி கொடுத்தார்கள், எந்த முகவரி போட்டார்கள் என்பதற்கு எல்லோரிடமும் கத்தரித்து வைத்த தாள் இருந்தது. பொது விளம்பரத்துக்கு வேறு கேடும் உண்டு. 2023 ஜூனில் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டகம் சரிந்து தொழிலாளர்கள் மூவர் இறந்தார்கள். ஆகவே பழையபடி சாலையெல்லாம் பலகை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய முறையில் இருந்த சாட்சியம் புதிய முறையிலும் வேண்டும் என்கிறேன்.

கைபேசியைத் திறந்து ஒரு பக்கம் விரிவதற்குள், நம் வயது, ஊர், தேடிய சொற்கள், எந்தப் படத்தில் விரல் நின்றது என்பவற்றை வைத்து நம் கண்ணுக்கு ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் மாதிரியை எல்லா வியாபாரிகளும் பார்க்கிறார்கள், விளைவித்தவருக்கும் விலை தெரிகிறது. இந்த ஏலத்தில் விற்கப்படுபவருக்கு ஏலம் நடந்ததே தெரிவதில்லை. கடனில் இருப்பவருக்குக் கடன் செயலியும், மூட்டு வலிக்காரருக்கு மூன்று நாளில் குணமாகும் தைலமும் தேடி வருகின்றன. குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனால் நோயாளி மட்டும் பார்த்து, மறுநாள் மறைந்துபோகும் விளம்பரத்தை எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்?

இதற்கு மேல் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்திருக்கிறது. நாடறிந்தவர்களின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கி, பங்குச் சந்தை முதலீட்டுக்கு ஆள் சேர்க்கும் காணொளிகள் நாட்டின் பல மொழிகளில் வந்துகொண்டிருக்கின்றன. ஈமு விளம்பரத்தில் நடித்தது உண்மையான நடிகர். நாளைய விளம்பரத்தில் நம் வட்டாரப் பேச்சிலேயே "ஏனுங்க, நம்மூர்க்காரங்க சொல்றேனுங்க" என்று பேசுகிற ஆள் பிறந்திருக்கவே மாட்டார். விளம்பரம் பார்த்தாலே பணம் தருவதாகச் சொன்ன ஒரு செயலியின் மீது வழக்குப் பதிந்தபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே 2024 தொடக்கத்தில் நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கொங்கு மக்கள் கணக்குப் பார்ப்பவர்கள்தாம் என்றாலும், இந்த வலைக்கு அவர்களும் விலக்கல்ல.

நேர்மையாகத் தொழில் செய்பவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது; ஜமக்காளம் கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. ஆனால் இணையத்தில் அதிகத் தொகை வைப்பவரே பெரும்பாலும் முன்னால் வருகிறார் என்பதால், விசைத்தறிப் போலியை விற்பவர் அந்தப் பெயரையே பயன்படுத்தி நெசவாளரை முந்திக்கொள்ள வழி இருக்கிறது. முன்பு கூட்டுறவுச் சங்கம் அச்சடித்த ஒரு காலண்டர் வீட்டில் ஓராண்டு தொங்கியது. இன்று பணம் கட்டுவதை நிறுத்திய அன்றே பெயர் காணாமல் போகிறது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரும் அதற்குப் பொறுப்பாளி. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைத் தடுக்கும் பிரிவைக் கொண்டிருக்கிறது. நம்மிடம் இல்லாதது முழுமையான ஆவணம். ஐரோப்பிய ஒன்றியத்தில், மிகப் பெரிய தளங்கள் தாங்கள் காட்டிய ஒவ்வொரு விளம்பரத்தையும், யார் பணம் கொடுத்தார், யாரைக் குறிவைத்தார் என்ற விவரத்துடன், கடைசியாகக் காட்டிய நாளிலிருந்து ஓராண்டு வரை பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதே கடமையை இந்தியாவிலும் விதிக்க வேண்டும். அந்தத் தொகுப்பைத் தமிழில் தேட முடிய வேண்டும். செயற்கையாக உருவாக்கிய முகத்துக்கும் குரலுக்கும் அடியில் அதைச் சொல்லும் வரி இருக்க வேண்டும். 1867இல் ஒரு சிறிய அச்சகத்திடம் கேட்க முடிந்த முகவரியை, இன்று உலகின் பெருநிறுவனங்களிடம் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் வரும்வரை நாமே சாட்சியம் சேர்க்கலாம். சந்தேகமான விளம்பரம் வந்தால் கடந்து போகாமல், தேதியும் விளம்பரதாரர் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டாருக்கும் ஊர்க் குழுவுக்கும் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் போய்விட்டது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.