விழாத கோல்களை யார் கணக்கு வைக்கிறார்கள்?

2019 மார்ச் 31 அன்று ஆன்ஃபீல்டு மைதானத்தில் இங்கிலாந்தின் கால்பந்து அணிகளான லிவர்பூலும் டோட்டன்ஹாமும் மோதிய ஆட்டம் ஒரு கோலுக்கு ஒரு கோல் என்ற சமநிலையில் இருந்தது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, டோட்டன்ஹாமின் மூசா சிசோக்கோ நடுக்களத்திலிருந்து பந்துடன் தடையின்றி ஓடி வந்தார். அவருக்குப் பக்கவாட்டில், பந்து கிடைத்தால் கோலாக்கத் தவறாத சன் ஹியுங்-மின் ஓடி வந்தார். கோல்கீப்பரை விட்டால், அந்த இருவருக்கும் எதிரே நின்றவர் லிவர்பூலின் பின்கள வீரர் வர்ஜில் வான் டைக் ஒருவர்தான். பந்தை வைத்திருப்பவர் மேல் பாய்ந்துவிடு என்றுதான் அப்போது உடம்பு சொல்லும். வான் டைக் பாயவில்லை. சன்னுக்குப் பந்து போகக்கூடிய வழியை மறித்தபடியே பின்னோக்கி நகர்ந்து, சிசோக்கோ தன் இடது காலால் அடித்தே ஆக வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்து, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் நுழைந்த பிறகே அவரை நெருங்கினார். சிசோக்கோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று.

அதே ஆட்டத்தின் 90-ஆவது நிமிடத்தில், லிவர்பூலின் முகமது சாலா தலையால் முட்டிய பந்தை டோட்டன்ஹாமின் கோல்கீப்பர் ஹியூகோ லோரிஸ் நழுவவிட, அது டோபி ஆல்டர்வைரல்டின் மேல் பட்டுக் கோட்டைத் தாண்டியது. லிவர்பூல் 2-1 என்று வென்றது. இன்று அந்த ஆட்டத்தின் கோல் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் ஒரு பின்கள வீரரின் பெயர் இருக்கும். அது ஓன் கோல், அதாவது தன் அணிக்கு எதிராகவே விழுந்த கோல், என்ற குறிப்போடு எழுதப்பட்ட ஆல்டர்வைரல்டின் பெயர். ஒரு கோலைத் தன் மூளையால் தடுத்த வான் டைக்குக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை, ஏனெனில் அவர் செய்ததன் விளைவாக எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பின்கள வீரரின் வேலை என்பதும், நடந்ததை மட்டுமே பதிவு செய்யும் ஓர் ஆட்டத்தில் அந்த வேலைக்கு உரிய மதிப்பு கிடைக்கவே இல்லை என்பதும் என் நெடுநாள் ஆதங்கம்.

பள்ளியிலும் கல்லூரியிலுமாக ஒன்பது ஆண்டுகள் பின்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்காக ஆடியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் எட்டிய உயரம் மிகச் சிறியது. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது எத்தகைய வேலை என்பது புரியும். பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போதும் பின்கள வீரருக்கு ஓய்வு கிடையாது. பந்தைப் பார்க்க வேண்டும், தனக்குரிய ஆளைப் பார்க்க வேண்டும், சில விநாடிகளுக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கும் தனக்கும் இடையே உள்ள தூரம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இவ்வளவுக்கும் நடுவே குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்கள வீரர் ஒன்பது முறை தவறவிட்டுப் பத்தாவது முறை கோல் போட்டால் அவரைத் தோளில் தூக்குவார்கள். பின்கள வீரர் ஒன்பது முறை சரியாக நின்று பத்தாவது முறை அரை விநாடி தாமதித்தால், அந்த ஒன்பதும் யாருக்கும் நினைவிருக்காது.

எத்தனை டேக்கிள் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), எத்தனை கிளியரன்ஸ் (கோலருகிலிருந்து பந்தை வெளியேற்றுவது) என்று இப்போது எண்ணிச் சொல்கிறார்களே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த எண்களும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. ஓர் ஆட்டத்தில் எட்டு முறை சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தவர், பெரும்பாலும் எட்டு முறை சரியான இடத்தில் இல்லாமல் போனவராகவும் இருப்பார். முன்கூட்டியே சரியான இடத்தில் போய் நிற்பவரின் பக்கம் பந்தை அனுப்பவே எதிரணி தயங்கும். அவருடைய கணக்கில் டேக்கிளும் இருக்காது, கிளியரன்ஸும் இருக்காது. இத்தாலியப் பின்கள வீரர் பாவ்லோ மால்டினியின் பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் என்னை வியக்க வைப்பது இதுதான். ஏசி மிலனுக்காக 902 ஆட்டங்கள் ஆடிய அந்த மனிதர் அவசரப்பட்டு ஓடுவதை அரிதாகவே பார்க்க முடிகிறது, ஏனெனில் ஓட வேண்டிய தேவை எழுவதற்கு முன்பே அவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பின்களம் என்பது ஒருவருடைய வேலை அல்ல, நால்வர் சேர்ந்து செய்கிற ஒரே வேலை. மூவர் சரியாக முன்னேறி, தங்களைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரருக்குப் பந்து வந்தால் அது விதிமீறலாகும்படி ஆஃப்சைடு கோட்டை அமைத்தாலும், நான்காமவர் ஓர் அடி பின்தங்கினால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்சின் லிலியன் துராமுக்கு நேர்ந்தது அதுதான். இரண்டாம் பாதி தொடங்கியவுடன் அவர் முன்னேறத் தாமதித்ததால் ஆஃப்சைடில் சிக்காமல் தப்பிய குரோஷியாவின் டேவோர் ஷூகர் கோல் போட்டார். அடுத்த நிமிடமே துராம் முன்னால் ஓடிப் பந்தைப் பறித்து ஒரு கோலும், பிறகு 70-ஆவது நிமிடத்தில் இன்னொரு கோலும் போட்டு பிரான்சை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு சென்றார். தேசிய அணிக்காக அவர் ஆடிய 142 ஆட்டங்களில் போட்ட கோல்கள் அந்த இரண்டு மட்டுமே. அவரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்த இரண்டு கோல்களைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தொடர் முழுவதும் ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கியதே இரண்டு கோல்கள்தான் என்பதும், அந்தப் பின்களத்தில் துராம் நின்றார் என்பதும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு இவர்களுடைய வேலையைக் கடினமாக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. 1990 இல், கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்கும் முன்கள வீரர் ஆஃப்சைடு இல்லை என்று ஆக்கினார்கள். 1992 இல், சக வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றார்கள். நெருக்கடியில் இருந்த ஒரே பாதுகாப்பான வழி அத்துடன் அடைபட்டது. 1998 இல், பின்னாலிருந்து எதிராளிக்கு ஆபத்து விளைக்கும் டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்றானது. இந்த மாற்றங்களை நான் குறை சொல்லவில்லை, இவற்றால் ஆட்டம் அழகானது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அழகுக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பதை மறக்க வேண்டாம். இன்றைய சென்டர் பேக், தாக்குதலைத் தடுப்பதோடு நில்லாமல், தன் கோலுக்கு இருபது கெஜத்துக்குள் மூன்று பேர் நெருக்கும்போது நடுக்கள வீரரைப் போல நிதானமாகப் பந்தைக் கடத்தவும் வேண்டும். அதில் ஒரு பாஸ் தவறினால் அது கோல்.

விருதுகளின் கதைக்கு வருகிறேன். ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருது 1956 முதல் வழங்கப்படுகிறது. ஆடவர் விருதைப் பெற்ற பின்கள வீரர்கள் மூன்றே பேர்: ஃபிரான்ஸ் பெக்கன்பவர் 1972 இலும் 1976 இலும், மத்தியாஸ் சாமர் 1996 இல், ஃபாபியோ கன்னவாரோ 2006 இல். பெக்கன்பவரும் சாமரும் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறும் லிபெரோக்கள். தடுப்பது ஒன்றையே தொழிலாகக் கொண்டவர் கன்னவாரோ மட்டுமே என்று நான் சொல்வேன். 1989 இல் ஏசி மிலனின் பின்கள வீரர் ஃபிராங்கோ பரேசிக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். மால்டினிக்கு 1994 இலும் 2003 இலும் மூன்றாம் இடம். வான் டைக் 2019 இல் லியோனல் மெஸ்ஸியிடம் ஏழே புள்ளிகளில், 686-க்கு 679 என்று, விருதை இழந்தார். அதே விழாவில் இப்போது கோல்கீப்பருக்கு யாஷின் பெயரிலும், அதிக கோல் அடிப்பவருக்கு கெர்ட் மியுல்லர் பெயரிலும் தனி விருதுகள் உண்டு. தடுப்பாட்டக்காரருக்கென்று ஏன் ஒன்று இல்லை? பரேசியின் பெயரிலோ மால்டினியின் பெயரிலோ ஒன்றை ஏற்படுத்த என்ன தடை? 2006 உலகக் கோப்பையில் கோப்பையைத் தூக்கிய கன்னவாரோ தலைமையிலான இத்தாலி, ஏழு ஆட்டங்களில் வாங்கியவை இரண்டே கோல்கள். ஒன்று ஓன் கோல், மற்றொன்று பெனால்டி. எதிரணி வீரர் ஒருவர்கூட ஓடும் ஆட்டத்தில் அவர்களுக்கு எதிராகக் கோல் போடவில்லை. ஆயினும் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து, இறுதி ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய ஜினதின் ஜிடானுக்குப் போனது. ஜிடானின் மேதைமையில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அந்தத் தொடரின் சிறந்த வீரர் அவர் அல்லர் என்பதிலும் ஐயம் இல்லை.

பாராட்டு கிடைக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், பெட்டிக்குள் வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டிச் சறுக்கினார் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபர். பந்து அவர் காலில் பட்டுத் தன் அணியின் கோலுக்குள்ளேயே போயிற்று. ஒரு பின்கள வீரர் அந்த இடத்தில் செய்ய வேண்டியது எதுவோ, அதைத்தான் அவர் செய்தார். காலை நீட்டாமல் நின்றிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தே நாளில், ஜூலை 2 அன்று, அவர் மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. இந்த ஆட்டத்தை நேசிக்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

உடம்பு கொடுக்கும் விலையைப் பற்றி அண்மையில்தான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்குப் பிறரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019 இல் அறிவித்தார்கள். 2021 இல் ஆடிய இடத்தைப் பொறுத்துப் பிரித்துப் பார்த்தபோது, இந்நோய்கள் வரும் அபாயம் கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களோடு ஒப்பிடத்தக்க அளவிலும், பின்கள வீரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் இருந்தது. வானிலிருந்து விழும் பந்தை ஆட்டந்தோறும், பயிற்சிதோறும் தலையால் முட்டித் திருப்பியவர்கள் அவர்கள்தாமே. 1966 இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்தின் பின்களத்தில் நின்ற நால்வரில் ரே வில்சன், ஜாக் சார்ல்டன் ஆகிய இருவரும் முதுமையில் மறதி நோயால் துன்புற்றார்கள். விழாத ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் இப்படி ஒரு நெற்றி இருந்திருக்கிறது.

கோல்களைப் பார்க்கத்தானே மக்கள் வருகிறார்கள் என்று கேட்பவர்களுடன் எனக்குப் பெரிய சண்டை இல்லை. நானும் கோலுக்குத் துள்ளி எழுபவன்தான். ஆனால் 2019 ஜனவரி 3 அன்று, தன் கிளியரன்ஸ் கோல்கீப்பர் எடர்சன் மேல் பட்டுக் கோலை நோக்கித் திரும்பியபோது, மான்செஸ்டர் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் ஓடிப் போய் அதைக் கோட்டின் மேலிருந்து உதைத்து வெளியேற்றினார். பந்து முழுவதும் கோட்டைத் தாண்ட 11 மில்லிமீட்டர் அளவே மீதமிருந்தது. அந்த ஆட்டத்தில் லிவர்பூலை 2-1 என்று வென்ற சிட்டி, பருவ முடிவில் 98-க்கு 97 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த உதைக்கு நான் கோலுக்கு எழுவதைவிட உயரமாகத் துள்ளினேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 2006 அரையிறுதியில், டார்ட்மண்டில், ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் அலெசாந்த்ரோ டெல் பியரோ போட்ட கோலை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதைக் கால் நிமிடம் முன்னாலிருந்து பாருங்கள். பெட்டியின் அருகே உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுகிறார் ஒருவர். பந்து லூக்காஸ் பொடோல்ஸ்கியை நோக்கி விழுகிறது; இரண்டு மணி நேரம் ஆடிக் களைத்த கால்களோடு அதே ஆள் முன்னால் பாய்ந்து, பொடோல்ஸ்கி அதைக் கட்டுப்படுத்துவதற்குள் பறித்துவிடுகிறார். பந்து ஃபிரான்செஸ்கோ டோட்டியிடமும், அவரிடமிருந்து ஆல்பெர்டோ ஜிலர்டினோவிடமும், கடைசியாக டெல் பியரோவிடமும் போகிறது. கோல் விழுந்ததும் கேமரா டெல் பியரோவோடு போய்விடுகிறது. நீங்கள் அதனோடு போக வேண்டாம். பந்தைப் பறித்த கன்னவாரோ எங்கே நிற்கிறார் என்று தேடிப் பாருங்கள்.