தொழுகையில் மனம் நிற்க, முதலில் உடம்பு நிற்கட்டும்

தொழுகையைத் தொடங்க ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டியதும்தான் மறந்துபோன கடன், வண்டி இன்சூரன்ஸ், பதில் போடாமல் விட்ட வாட்ஸ்அப் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். இதைச் சொல்லி வருத்தப்படாத தொழுகையாளியை நான் பார்த்ததில்லை. சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கும் பெரியவரும் சொல்கிறார், ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பியும் சொல்கிறார். ‘எல்லாம் ஷைத்தான் வேலை’ என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அது உண்மைதான். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டு ஓடும் ஷைத்தான், தொழுகை தொடங்கப்போவதை அறிவிக்கும் இகாமத் முடிந்ததும் திரும்பி வந்து ‘இதை நினை, அதை நினை’ என்று குழப்பி, எத்தனை ரகஅத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதோம் என்பதே தெரியாமல் ஆக்கிவிடுவான் என்று புகாரி என்ற தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், நம் கையில் இருக்கும் வேலையை யார் செய்வது?

என் கருத்து இதுதான்: நம் தொழுகையில் உள்ளச்சத்தை (மனம் ஒன்றிய பயபக்தியை) முதலில் கெடுப்பது அவசரம்.

பள்ளிவாசலுக்குள் வந்து வேகமாகத் தொழுத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பிய சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். “திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை.” இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள் என்று அவர் கேட்டபோது என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ருகூவில் (குனிந்த நிலையில்) நிலைகொள்ளும்வரை இருங்கள், நிமிர்ந்து நேராக நில்லுங்கள், சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்த நிலையில்) நிலைகொள்ளும்வரை இருங்கள், இடையில் உட்காரும்போதும் அப்படியே. மனதை ஒருமுகப்படுத்துங்கள் என்று அங்கே தனியாகச் சொல்லவில்லை. உடம்பை நிதானப்படுத்தத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப்பிரிவில்) இந்த நிதானம் தொழுகையின் கட்டாயக் கூறுகளில் ஒன்று, ஹனஃபி மத்ஹபில் வாஜிப், அதாவது விடக்கூடாதது. சென்னையில் இரண்டு மத்ஹப்காரர்களும் ஒரே சஃப்பில் (வரிசையில்) தோளோடு தோள் நிற்கிறோம். இந்த விஷயத்தில் யாருக்கும் சலுகை இல்லை.

நடைமுறையில் என்ன செய்கிறோம்? சஜ்தாவில் சொல்லும் ‘சுப்ஹான ரப்பியல் அஃலா’ என்ற தஸ்பீஹை (இறைத்துதியை) மூன்று முறையும் ஒரே மூச்சில் சொல்லி எழுந்துவிடுகிறோம். நெற்றி தரையைத் தொட்ட அந்த நொடியிலேயே உடம்பு எழத் தயாராகிறது. அப்புறம் மனம் மட்டும் எப்படி அங்கே தங்கும்? ஒரு தஸ்பீஹுக்கு ஒரு மூச்சு என்று வைத்துப் பாருங்கள். ஒரு சஜ்தாவுக்குக் கூடுதலாக ஆவது சில விநாடிகள்தான்.

ஒவ்வொரு ரகஅத்திலும் ஓதும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவிலும் இதே கதை. பர்ளு (கடமையான) தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரகஅத். ஏழு வசனங்களையும் ஒரே வசனம்போல ஓடவிடுகிறோம். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் ஹதீஸ் குத்ஸியில் (நபி வழியாக வந்த இறைவாக்கில்) அல்லாஹ் சொல்கிறான்: தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையில் இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறேன். அடியான் ‘அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்’ (எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே) என்றதும் ‘என் அடியான் என்னைப் புகழ்ந்தான்’ என்கிறான். ‘இய்யாக நஃபுது வ இய்யாக நஸ்தஈன்’ (உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்) என்றதும் ‘இது எனக்கும் என் அடியானுக்கும் இடையிலானது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு’ என்கிறான். வசனத்துக்கு வசனம் பதில் வருகிறது. நாமோ பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி ஓதுவார்கள் என்று அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நின்று ஓதினாலே பாதி அலைச்சல் அடங்கும். மீதிக்குப் பொருள் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தமிழ் பயான் (உரை) கேட்டே வளர்ந்தவர்களுக்குக்கூட தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தின் அர்த்தம் கேட்டால் பதில் வருவதில்லை. மதரஸாக்களில் சூரா மனப்பாடத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுங்கள், பாடம் நடத்தும் ஹஜ்ரத்மார்களே.

தொழுகைக்கு முன்பும் அவசரம்தான். இகாமத் சத்தம் கேட்டதும் வண்டியை எப்படியோ சொருகிவிட்டு, கை, முகம் கழுவி உளூச் செய்த தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து ருகூவைப் பிடிக்கிறோம். ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பதுதான் கட்டளை. சாப்பாடு முன்னால் இருக்கும்போதும், சிறுநீர், மலத்தை அடக்கிக்கொண்டும் தொழ வேண்டாம் என்பதும் முஸ்லிமில் வரும் ஹதீஸ்தான். பசியோடு பிரியாணி வாசனைக்கு நடுவில் நின்று தொழுவது தக்வா (இறையச்சம்) ஆகாது.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகள் பலவற்றில் கிப்லா (தொழும் திசை) சுவரிலேயே சிவப்பு எழுத்தில் டிஜிட்டல் கடிகாரம் ஓடுகிறது. பக்கத்தில் சந்தா அறிவிப்பு, காலண்டர், கீழே கண்ணைப் பறிக்கும் கார்பெட். கோலமிட்ட ஒரு போர்வையோடு தொழுத நபி (ஸல்) அவர்கள், அது தொழுகையில் என் கவனத்தைத் திருப்பிவிட்டது என்று சொல்லி, அதைத் தோழர் அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவருடைய சாதாரணப் போர்வையை வாங்கி வரச் சொன்னார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்? கடிகாரத்தைப் பக்கவாட்டுச் சுவருக்கோ பின்சுவருக்கோ மாற்ற பெரிய செலவில்லை.

செல்போன் விஷயம் சுருக்கமாக. தொழுகைக்கு நடுவில் அடித்தால் ஒரு கையால் சட்டென்று அணைத்துவிடுங்கள், இந்தச் சிறு அசைவால் தொழுகை முறியாது. நான்கு ரகஅத்தும் அலறவிட்டு மொத்த சஃப்பையும் கலைப்பதுதான் பெரிய தப்பு.

வீட்டில் தொழும் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத்தில் குக்கர் விசில், வாசலில் கூரியர், முதுகில் ஏறும் குழந்தை. பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழவைத்தவர்கள் நம் நபி. குழந்தையின் அழுகை கேட்டால், தாயின் தவிப்பை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர்கள். ஆகவே உம்மாமார்களே, பிள்ளை இழுத்ததால் தொழுகை போச்சே என்று கலங்காதீர்கள். ஆண்களே, வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்தப் பத்து நிமிடம் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் எண்ணங்கள் வரும். அஸர் (பிற்பகல்) தொழுகையில் ஸலாம் கொடுத்து முடித்ததும் நபி (ஸல்) அவர்கள் அவசரமாக எழுந்து வீட்டுக்குள் போனார்கள். வீட்டில் பங்கிடாமல் இருந்த தங்கம் தொழுகையில் நினைவுக்கு வந்ததாம், அதைப் பங்கிடச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். எண்ணம் வந்துவிட்டதே என்று தொழுகையை வெறுத்துவிடாதீர்கள். வந்ததை விட்டுவிட்டு, ஓதிக்கொண்டிருக்கும் வசனத்துக்குத் திரும்புங்கள். பத்து தடவை போனால் பத்து தடவையும் திரும்புங்கள்.

கடைசியாக, ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ். ஒரு ஜுஸ்உவை (குர்ஆனின் முப்பதில் ஒரு பங்கை) இருபது ரகஅத்தில் ஓதினால் ரகஅத்துக்கு ஏறக்குறைய ஒரு பக்கம் வரும். பத்தே இரவில் ஹத்தம் (முழுக் குர்ஆன்) முடிக்க வேண்டுமென்றால் மூன்று பக்கம். வியாபாரத்துக்காக, ஊருக்குப் போவதற்காக இப்படி வைக்கிறார்கள், அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வேகத்தில் குர்ஆனை மனப்பாடமாக ஓதும் ஹாஃபிழுக்கே மூச்சு வாங்குகிறது, பின்னால் நிற்பவர் காதில் ஆயத்து (வசன) முடிவுகள் மட்டும்தான் விழுகின்றன. குர்ஆனைத் திருத்தமாக, நிறுத்தி ஓதச் சொல்வது அல்லாஹ்வே (குர்ஆன் 73:4). ஹத்தம் முடியாவிட்டாலும் பரவாயில்லை, குறைவாக ஓதி நிதானமாகத் தொழவைக்கும் பள்ளி திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, பெரியமேடு பக்கம் எது இருந்தாலும், பெண்களுக்கு இடம் உண்டா என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். வரும் ரமலானுக்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்பலாம்.