குட்ஜான்சனைக் கோல் கணக்கில் அளக்காதீர்கள்

ஐஸ்லாந்து கால்பந்து வீரர் எய்துர் குட்ஜான்சன் பேச்சை எடுத்தாலே கிளப் பட்டியலைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். 15 கிளப்புகள், 9 நாட்டு லீக்குகள். "ஊர் ஊராய்ச் சுற்றினார், பார்சிலோனாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்" என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஐஸ்லாந்து மாதிரி மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டிலிருந்து வந்து, தன் காலத்தின் மிகப் புத்திசாலி முன்கள வீரர்களில் ஒருவராக நின்றவர் அவர். அவர் என்ன வேலை செய்தார் என்பதே தெரியாமல் கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போடுகிறோம்.

அவர் பாக்ஸுக்குள், அதாவது கோலுக்கு முன்னுள்ள கட்டத்துக்குள், காத்திருந்து தட்டிப் போடும் ரகம் கிடையாது. எதிரணியின் நடுத் தடுப்பாளரான சென்டர் பேக்கை விட்டு எட்டுப் பத்தடி பின்னால் இறங்கி, கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்குவார். வாங்கும் முன்பே தோள் வழியாகப் பின்னால் ஒரு பார்வை போயிருக்கும். டிஃபெண்டர் ஒட்டி வந்தால் ஒரே தொடுகையில் பக்கத்து ஆளுக்குப் பந்து போய்விடும். வராவிட்டால் அரைத் திருப்பத்தில் கோலைப் பார்த்து நின்றுவிடுவார். இரண்டு காலாலும் அடிப்பார். ஷாட்டுக்குக் காலை அதிகம் பின்னால் இழுக்க மாட்டார் என்பதால் கீப்பருக்கு முன்கூட்டித் தெரியாது. இந்த ஆட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அவர் இறங்கும்போது காலியாகும் இடத்துக்குள் ஓடிப் பாய இன்னொருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் அவர் இறங்குவதே வீண்.

செல்சியில் அந்த ஆள் ஜிம்மி ஃப்ளாய்ட் ஹாசல்பெய்ங்க். ரனியேரி பயிற்சியாளராக இருந்த காலத்தில், 2001-02 சீசனில் ஹாசல்பெய்ங்க் 29, குட்ஜான்சன் 23, ஆக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து இருவரும் 52 கோல். ஒருவர் முரட்டு வேகமும் இடிபோன்ற ஷாட்டுமாக முன்னே போக, மற்றவர் பின்னிருந்து பந்தைப் பின்னிக் கொடுத்தார். 2003 ஜனவரியில் லீட்ஸுக்கு எதிராக அவர் தலைகீழாகப் பறந்து அடித்த கோலை எல்லோரும் பகிர்கிறார்கள், அழகான கோல்தான். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள அது உதவாது. 2005 மார்ச்சில் பார்சிலோனாவுக்கு எதிரான 8-வது நிமிட கோலைப் பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து கெஸ்மன் கொடுத்த பந்தை அவசரமாக அடிக்காமல், ஒரு தொடுகையில் டிஃபெண்டரைத் தாண்டி எடுத்து, பிறகுதான் அடித்தார். அந்த அரை நொடி நிதானம்தான் குட்ஜான்சன்.

மொரின்யோ பயிற்சியாளராக வந்ததும் முன்னே த்ரோக்பா, பின்னே லாம்பார்ட். இரண்டுக்கும் நடுவில் இவர். 2004-05 லீக்கில் 12 கோல். பட்டம் உறுதியானது போல்டன் மைதானத்தில், அதாவது அவரை இங்கிலாந்துக்குக் கூட்டிவந்த கிளப்பின் மண்ணிலேயே. அடுத்த சீசனில் நடுக்களத்துக்கே தள்ளப்பட்டார், லீக் கோல் இரண்டாகச் சுருங்கியது. "ஃபார்ம் போச்சு" என்றார்கள். ஆளை நிறுத்திய இடம் மாறியதை யாரும் சொல்லவில்லை. செல்சிக்காக மொத்தம் 263 ஆட்டம், 78 கோல். இதில் எத்தனை ஆட்டம் ஸ்ட்ரைக்கராக ஆடினார் என்று கேட்காமல் வகுத்துப் பார்ப்பதில் என்ன பயன்?

இத்தனையும் ஏறக்குறைய நடக்காமலே போயிருக்கும். 1996 ஏப்ரல் 24, தாலின் நகரில் எஸ்டோனியாவுடன் ஐஸ்லாந்தின் நட்பு ஆட்டம். இரண்டாம் பாதியில் அப்பா அர்நோர் வெளியே வர, 17 வயது மகன் உள்ளே போனார். இருவரும் ஒன்றாக ஆடும் முதல் காட்சி ரெய்க்யாவிக்கில் சொந்த ரசிகர்கள் முன்னால் அமையட்டும் என்று ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கம் எண்ணியது. அடுத்த மாதமே ஓர் இளையோர் ஆட்டத்தில் மகனின் கணுக்கால் முறிந்தது. சாதாரண முறிவாக அது ஆறவில்லை, ஏறக்குறைய இரண்டு வருடத்தை விழுங்கியது. நெதர்லாந்தின் பிஎஸ்வி கிளப்பில் பிரேசிலின் ரொனால்டோவோடு ஆடிய பையன் ஊர் திரும்பி, கேஆர் கிளப்பில் உடம்பைத் தேற்றவேண்டி வந்தது. அதற்குள் அப்பாவின் தேசிய அணிக் காலம் முடிந்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கவே இல்லை. தாலினில் வேறு யாரையாவது வெளியே எடுத்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

பார்சிலோனா விஷயத்துக்கு வருகிறேன். 2006-ல் லார்சன் போன இடத்துக்கு இவரை எடுத்தார்கள். முதல் லீக் ஆட்டத்திலேயே செல்டாவுக்கு எதிராக வெற்றி கோல். எட்டோ காயம்பட்டதும் நடு ஸ்ட்ரைக்கர் வேலை இவர் தலையில் விழுந்தது. பக்கத்தில் ரொனால்டினியோ, மெஸ்ஸி இருவருமே பந்தைக் காலுக்குக் கேட்பவர்கள். இவரும் அதே ரகம். பின்னால் ஓடிப் பாய ஆளே இல்லாத முன்களத்தில் இவரது பலம் அப்படியே முடங்கியது. 2009-ல் மூன்று கோப்பை வென்ற அணியில் இருந்தார், ரோம் இறுதி ஆட்டத்தில் களமிறங்கவில்லை. அதற்காக அவர் தோற்றார் என்றால் ஏற்க முடியாது.

அதன் பிறகுதான் உண்மையான அலைச்சல். மொனாக்கோ அணிக்காக லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. டாட்டன்ஹாமுக்குத் தற்காலிகமாக, கடன் ஒப்பந்தத்தில் போனபோது கொஞ்சம் பழைய ஆட்டம் தெரிந்தது. ஸ்டோக் சேர்ந்ததுதான் பெரிய தவறு. நீண்ட த்ரோவும் உயரப் பந்துமாக வாழ்ந்த அணிக்கு, தரையில் பந்து கேட்கும் 32 வயதுக்காரர் எதற்கு? 4 லீக் ஆட்டம், அத்தனையும் மாற்று வீரராக. ஏதென்ஸின் ஏஇகே கிளப்பில் 2011-ல் கால் எலும்பு முறிந்தது. பிறகு பெல்ஜியம், மறுபடி போல்டன், சீனா, நார்வே. 2016-ல் நம் புனே சிட்டி அணிகூட ஒப்பந்தம் போட்டது, காயத்தால் ஆட வரவே முடியவில்லை.

பெயரைப் பார்த்து எடுத்த கிளப்புகளில் அவர் தொலைந்தார், வேலையைப் பார்த்து எடுத்த இடங்களில் ஜொலித்தார். ஐஸ்லாந்து அணிக்கு அந்த வேலை கடைசிவரை தேவைப்பட்டது. 88 ஆட்டம், 26 கோல். 2004 யூரோ தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தைவிட ஒரே புள்ளி குறைந்து அணி வெளியேறியது. 2012-ல் உலகத் தரவரிசையில் 131-வது இடம் வரை விழுந்தது. 2013-ல் குரோஷியாவிடம் உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப் தோற்ற இரவு, டிவி கேமரா முன் அழுதபடி இதுவே கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்றார். 2015 மார்ச்சில் கஜகஸ்தானில் திரும்பி வந்து முதல் கோலைப் போட்டார். யூரோ 2016-ல் 37 வயதில் ஹங்கேரிக்கும் பிரான்ஸுக்கும் எதிராக மாற்று வீரராக இறங்கினார். இங்கிலாந்தை வென்ற அந்த அணியில் பலர் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

2023 அக்டோபரில் கில்வி சிகுர்ட்சன் ஐஸ்லாந்துக்காக 27-வது கோலைப் போட்டு எய்துரின் தேசிய சாதனையைத் தாண்டினார். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கு இரண்டு வருடம் முந்தைய ஒரு கோலை. 2021 அக்டோபர், ரெய்க்யாவிக், லீஷ்டென்ஸ்டைனுடன் ஆட்டம். மகன் ஸ்வெய்ன் ஆரோன் பந்தைக் கொடுக்க, இன்னொரு மகன் ஆந்த்ரி லூகாஸ் கோலுக்குள் போட்டார். உதவிப் பயிற்சியாளராக எய்துர் களத்தோரத்தில் இருந்தார்.